கணினி விழித்தெழும் வேளை: இயக்கிகள் தாமே ஏறும் முறை

கணினியின் பொத்தானை அழுத்திய சில நொடிகளில் திரை ஒளிர்கிறது, சுட்டி நகர்கிறது, விசைப்பலகையில் தட்டிய எழுத்து திரையில் தோன்றுகிறது, வலையிணைப்பும் கிடைத்துவிடுகிறது. நாள்தோறும் காணும் காட்சியாதலின் இதனை யாரும் வியப்பதில்லை. ஆயினும், பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில், தன்னோடு எந்தெந்தப் பொருள்கள் இணைந்திருக்கின்றன என்பதைக் கணினியின் இயங்குதளம் முழுமையாக அறியாது. உறங்கி எழும் ஒருவன் தனக்குக் கை உண்டா, கால் உண்டா என்று தடவிப் பார்த்து, ஒவ்வோர் உறுப்பையும் அசைக்கும் விதத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு எழுந்து நிற்பதைப் போன்றதே ஒவ்வொரு முறையும் கணினி எழுந்து நிற்பது.

இவ்வேலை செம்மையாக நடக்கும்வரை இதனைப் பற்றி எண்ணுவார் இல்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் அது உலகின் பல இடங்களில் ஒரே நேரத்தில் தடைப்பட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. கோலாலம்பூர் விமான நிலையத்திலும் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. அன்று நடந்தது யாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இயக்கி என்பது யாது, அது தானே ஏறுவது எவ்வாறு என்பவற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

இயக்கி என்னும் சொல்

இயக்கி என்றதும் தமிழாசிரியர்க்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. மதுரைப் புறஞ்சேரியில் இயக்கி என்னும் பெண் தெய்வத்துக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் மாதரியிடமே கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவ்வியக்கி வேறு, கணினித் துறையின் இயக்கி வேறு. இயங்கு என்னும் தன்வினைக்குப் பிறவினை இயக்கு; இயக்குவது இயக்கி. வண்டி ஓட்டுநரைக் குறிக்கும் டிரைவர் என்னும் ஆங்கிலச் சொல்லே கணினித் துறையில் இம்மென்பொருளுக்குப் பெயராயிற்று. அதற்கு நேராகத் தமிழில் இயக்கி என்னும் சொல் வழங்குகிறது. செலுத்தி என்று எழுதுவாரும் உளர்.

இயக்கி வேண்டப்படுவது ஏன்? அச்சுப்பொறிகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றைச் செய்யும் நிறுவனங்கள் பல. ஒவ்வொரு நிறுவனத்தின் பொறியும் தனக்கெனச் சில கட்டளைகளையே அறியும். கடிதம் எழுதும் மென்பொருளோ, “இந்தப் பக்கத்தை அச்சிடு” என்று ஒரே பொதுக் கட்டளையைத்தான் இயங்குதளத்திடம் சொல்லும். அப்பொதுக் கட்டளையைக் குறிப்பிட்ட பொறிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது இயக்கி. இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர் போன்றது அது. மொழிபெயர்ப்பாளர் வந்து சேராத வரையில், எத்துணை விலையுயர்ந்த பொறியாயினும் இயங்குதளத்துக்கு அது ஊமையே.

விசைப்பலகை இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஒரு விசையை அழுத்தியதும் பலகை எழுத்தை அனுப்புவதில்லை. “இத்தனையாம் எண்ணுள்ள விசை அழுத்தப்பட்டது” என்னும் செய்தியையே அனுப்புகிறது. இயக்கி அச்செய்தியை வாங்கி மேலே கொடுக்கிறது. அவ்விசை ‘அ’ ஆவதா, ஆங்கில எழுத்தாவதா என்பதை முடிவு செய்வது அதற்கும் மேலுள்ள மென்பொருள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவை அந்த மேல்நிலையில் நின்று பணியாற்றுபவை. ஒரே விசைப்பலகை தமிழுக்கும் மலாய்க்கும் சீனத்துக்கும் பயன்படுவது இப்பகுப்பினால்தான்.

கையால் அமைத்த காலம்

இயக்கிகள் தொடக்கத்திலேயே தாமாக ஏறியவை அல்ல. 1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தபோது, அதில் இணைக்கக்கூடிய பொருள்கள் சிலவே. அவற்றுக்குரிய இயக்கிகள் இயங்குதளத்தினுள்ளேயே கட்டப்பட்டிருந்தன. புதுப்புதுப் பொருள்கள் பெருகவே அம்முறை போதாதாயிற்று. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பில் ஒரு வழி செய்யப்பட்டது. கான்பிக்.சிஸ் என்னும் பெயருள்ள கோப்பு ஒன்றில், எந்தெந்த இயக்கியை ஏற்ற வேண்டும் என்பதைக் கணினியின் உரிமையாளர் வரி வரியாக எழுதி வைப்பார். கணினி எழும்போது அக்கோப்பைப் படித்து, எழுதிய வரிசைப்படி இயக்கிகளை ஏற்றிக்கொள்ளும். ஒரு வரி தவறினால் அப்பொருள் இயங்காது.

துன்பம் அத்துடன் முடியவில்லை. ஒலி அட்டை, வலை அட்டை முதலியன வேலை முடிந்ததும் கணினியின் மையச் செயலியைத் தட்டி அழைக்க வேண்டும். அதற்கெனத் தனித்தனி அழைப்புக் கம்பிகள் உண்டு. அக்காலக் கணினிகளில் அவை மிகச் சில. இரண்டு அட்டைகள் ஒரே கம்பியைப் பற்றிக்கொண்டால் கணினி தடுமாறி நின்றுவிடும். ஆதலின் அட்டையின்மீதுள்ள சிறு உலோகச் செருகிகளைக் கழற்றியும் மாட்டியும், எந்த அட்டைக்கு எந்தக் கம்பி என்று மனிதரே பங்கிட வேண்டியிருந்தது. பங்கிட்டதைத் தாளில் குறித்து வைக்காதவர் பட்ட பாடு பெரிது.

இக்குறையின் வேர் யாதெனில், அட்டைகள் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ள அறியாமையே. பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எவ்வாறு நிரப்புவார்? 1987இல் ஐபிஎம் தன் புதிய கணினிகளில் ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் அடையாள எண்ணை வைத்தது. 1992இல் இன்டெல் நிறுவனம் வகுத்த பிசிஐ என்னும் இணைப்பு முறை இக்கருத்தை உலகெங்கும் பரவச் செய்தது. 1995 ஆகஸ்டு 24இல் வெளிவந்த விண்டோஸ் 95, “செருகினால் இயங்கும்” என்பதையே தன் சிறப்பாக எடுத்துச் சொல்லிற்று. 1996இல் யூஎஸ்பி முறை வகுக்கப்பட்டது.

சொல்லிய அளவுக்குச் செயல் உடனே கைகூடிவிடவில்லை. 1998 ஏப்ரல் 20ஆம் நாள், சிக்காகோவில் நடந்த கணினிக் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98இன் திறத்தைக் காட்டுதற்பொருட்டு ஒரு படவருடியை யூஎஸ்பி வழியாகச் செருகினார். இயக்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே கணினி செயலற்றுத் திரை நீலமாயிற்று. அவையில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. கணினி வரலாற்றில் அடிக்கடி எடுத்துக் கூறப்படும் நிகழ்ச்சி இது. வெளியிலிருந்து வரும் ஒரு சிறு மென்பொருள் முழுக் கணினியையும் வீழ்த்தக்கூடும் என்பதற்கு அது முன்னறிவிப்பாகவும் அமைந்தது.

பெயர் சொல்லும் பொருள்கள்

இன்றைய கணினி எழும்போது நடப்பது ஏறத்தாழத் தோட்டத்துக் காலைப் பெரட்டைப் போன்றது. பெயரை அழைத்தால் உள்ளவர் குரல் கொடுப்பார். இல்லாதவரிடமிருந்து மறுமொழி வராது. குரல் கொடுத்தவர்க்கே அன்றைய வேலை பங்கிடப்படும்.

பிசிஐ முறையில் ஒரு பாட்டைக்கு 32 இருக்கைகள். ஓர் இருக்கையில் 8 உட்பிரிவுகள் வரை இருக்கலாம். இயங்குதளத்தின் நடுப்பகுதியாகிய உட்கரு ஒவ்வோர் இருக்கையையும் விளித்து, அதன் அடையாள ஏட்டைப் படிக்கிறது. ஏட்டின் முதல் இரண்டு பைட்டுகள் செய்த நிறுவனத்தின் எண். அடுத்த இரண்டு அப்பொருளின் எண். இருக்கை வெறுமையாக இருந்தால் எல்லா இடங்களிலும் ஒன்று என்னும் இலக்கமே வரும்; அதைக் கண்டதும் “இங்கு யாருமில்லை” என்று உட்கரு அடுத்த இருக்கைக்குச் செல்லும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் இதுவே. 8086, 1533 என்னும் இரண்டு எண்களும் சேர்ந்து வந்தால், அது இன்டெலின் ஐ210 என்னும் வலை அட்டை என்று பொருள். இவ்வெண்கள் பதினாறன் அடிமானத்தில் எழுதப்படுபவை.

யூஎஸ்பி முறையில் பொருள்கள் எந்நேரமும் வரும், போகும். புதிதாகச் செருகிய பொருள் முதலில் சுழியம் என்னும் பொது முகவரியில் மறுமொழி கூறும். பின்னர் அதற்குத் தனி முகவரி ஒன்று அளிக்கப்படும். இவ்வாறு ஒரு கட்டுப்பாட்டகத்தின்கீழ் 127 பொருள்கள் வரை இருக்கலாம். ஒவ்வொரு பொருளும் 18 பைட்டு நீளமுள்ள ஒரு குறிப்பில் தன் நிறுவனம், தன் எண் முதலியவற்றைத் தெரிவிக்கும். தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையும் கூறும். விசைப்பலகையும் சுட்டியும் 3ஆம் வகுப்பு; பென் டிரைவ் போன்ற சேமிப்புப் பொருள்கள் 8ஆம் வகுப்பு. வகுப்பு முறையினால் பெரும்பயன் உண்டு. ஆயிரம் நிறுவனங்கள் பென் டிரைவ் செய்தாலும் அவை அனைத்துக்கும் ஒரே பொது இயக்கி போதும். கடையில் வாங்கிய எந்தப் பென் டிரைவும் எந்தக் கணினியிலும் உடனே இயங்குவது இதனால்தான்.

எல்லாப் பொருள்களும் இவ்வாறு பேசக் கற்றவை அல்ல. சிறு கணினிப் பலகைகளில் நேரே பற்றவைக்கப்பட்ட உணர்விகள் பலவற்றுக்குத் தம் பெயரைச் சொல்லத் தெரியாது. அவற்றுக்காக, “இவ்விடத்தில் இன்ன பொருள் உள்ளது” என்னும் பட்டியல் ஒன்றைப் பலகை செய்தவரே எழுதித் தருகிறார். உட்கரு அப்பட்டியலை நம்பி நடக்கும்.

பெயருக்குரிய இயக்கியைத் தேடுதல்

பொருளின் எண் தெரிந்துவிட்டது. அதற்குரிய இயக்கி எது? இங்கு லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வது நன்று. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அதன் நிரல்கள் யாவரும் படிக்கத்தக்கவாறு திறந்து கிடக்கின்றன. ஆதலின் இதன் உட்செயலில் மறைவு ஒன்றுமில்லை.

லினக்ஸில் இயக்கிகள் பெரும்பாலும் தனித்தனிக் கூறுகளாக வட்டில் இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றினால் நினைவகம் வீணாகும்; வேண்டியவற்றை மட்டும் ஏற்றுவதே முறை. ஒவ்வோர் இயக்கியை எழுதுபவரும், “இன்ன இன்ன எண்ணுள்ள பொருள்களை இது இயக்கும்” என்னும் அட்டவணையை அதனுள்ளேயே எழுதிவிடுகிறார். டெப்மோட் என்னும் சிறு நிரல், வட்டிலுள்ள எல்லா இயக்கிகளின் அட்டவணைகளையும் திரட்டி ஒரு பெரும் அகராதியாக முன்கூட்டியே தொகுத்து வைக்கும். எந்த இயக்கிக்கு முன் எது ஏற வேண்டும் என்னும் சார்புப் பட்டியலும் அதனாலேயே தொகுக்கப்படும்.

கணினி எழுந்து, 8086, 1533 என்னும் எண்ணுள்ள பொருளைக் கண்டதும், உட்கரு அவ்வெண்களைக் கோத்து ஒரு நீண்ட பெயராக்கி அறிவிப்புச் செய்கிறது. அவ்வறிவிப்பைக் கேட்டுக் காத்திருக்கும் யூடெவ் என்னும் பணியாளர் நிரல் அகராதியைப் புரட்டுகிறது. அங்கு இப்பெயருக்கு நேராக ஐஜிபி என்னும் இயக்கி குறிக்கப்பட்டிருக்கும். சார்ந்த கூறுகள் முதலிலும் ஐஜிபி பின்னரும் ஏற்றப்படுகின்றன. ஏறிய இயக்கி அட்டையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. யூடெவ் தானே எழுவதற்கு முன்பே உட்கரு பல பொருள்களைக் கண்டு அறிவித்திருக்கும். கேட்பார் இல்லாத நேரத்தில் செய்த அறிவிப்பு வீணன்றோ? அதற்காக, யூடெவ் எழுந்ததும், “இதுவரை கண்ட எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை சொல்” என்று உட்கருவைக் கேட்டுக்கொள்கிறது. வகுப்புக்குத் தாமதமாக வந்த ஆசிரியர் மீண்டும் ஒருமுறை பெயர் வாசிப்பதை இஃது ஒக்கும்.

யூடெவ் 2003ஆம் ஆண்டில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பாரால் அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னரும், தேவைப்பட்டபோது இயக்கியை ஏற்றும் வேறு நிரல்கள் லினக்ஸில் இருந்தன. தானே ஏறும் ஏற்பாட்டுக்கு மேலாக மனிதர் விருப்பத்துக்கும் இடம் வைக்கப்பட்டுள்ளது. கட்டாயம் ஏற வேண்டியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். தானே ஏறக் கூடாதவற்றை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம்.

விண்டோஸ் முறையும் கருத்தளவில் இதுவே. ஒவ்வோர் இயக்கியோடும் அதற்குரிய பொருள்களின் எண்களைக் கூறும் கோப்பு ஒன்று வரும். மேலும், ஒவ்வோர் இயக்கிக்கும் அது ஏறும் காலத்தைக் குறிக்கும் எண் உண்டு. 0 என்றால் உட்கரு எழுவதற்கும் முன்பே எடுத்து வைக்கப்படுவது. 1 என்றால் உட்கரு எழும்போது ஏறுவது. 2 என்றால் பின்னர்த் தானே ஏறுவது. 3 என்றால் தேவைப்படும்போது ஏறுவது. 4 என்றால் முடக்கப்பட்டது.

பெட்டிக்குள் இருக்கும் சாவி

பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் திறப்பது எவ்வாறு? இயக்கிகள் வட்டில் இருக்கின்றன. வட்டைப் படிப்பதற்கும் ஓர் இயக்கி வேண்டும். அவ்வியக்கியும் வட்டில்தானே இருக்கிறது!

இதற்குக் கண்ட வழி நுட்பமானது. கணினியின் பலகையிலேயே பதிக்கப்பட்ட நிலைபொருள் என்னும் மென்பொருளுக்கு வட்டை ஓரளவு படிக்கத் தெரியும். வேகமும் திறமும் குறைவாயினும், இரண்டொரு கோப்புகளை எடுத்துக் கொடுக்க அது போதும். அதன் துணையோடு, உட்கருவும் ஒரு சிறு பொதியும் நினைவகத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் அப்பொதியினுள் வட்டு இயக்கி, கோப்பு முறையைப் படிக்கும் கூறு, மேலே சொன்ன யூடெவ் முதலிய இன்றியமையாதவை மட்டும் கட்டி வைக்கப்பட்டிருக்கும். உட்கரு அப்பொதியை நினைவகத்திலேயே அவிழ்த்து, வட்டு இயக்கியை ஏற்றி, உண்மையான வட்டைத் திறந்து, எஞ்சிய வேலையை அங்கிருந்து தொடர்கிறது. விண்டோஸில் 0 எண் பெற்ற இயக்கிகளைத் தொடக்க நிரலே நினைவகத்துக்கு எடுத்து வருவதும் இக்காரணம் பற்றியே. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கொண்டு செல்வது போன்றது இது. ஊர் சேர்ந்தபின் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம்.

அரண்மனைக்குள் அயலார்

இனி இம்முறையில் அடங்கிய இடரைக் காணலாம். கணினியில் ஓடும் மென்பொருள்கள் இரு நிலையின. கடிதம் எழுதும் மென்பொருள், வலை உலாவி முதலியவை வெளிநிலையில் ஓடுபவை. அவற்றுள் ஒன்று தவறு செய்தால் உட்கரு அதனை மட்டும் நிறுத்திவிடும், மற்றவை பிழைத்திருக்கும். இயக்கிகளுள் பெரும்பாலானவையோ உட்கருவோடு ஒன்றாக உள்நிலையில் ஓடுகின்றன. அவற்றுக்கு நினைவகம் முழுவதும் திறந்து கிடக்கிறது. அங்கே ஓர் இயக்கி படிக்கக் கூடாத இடத்தைப் படிக்க முயன்றால், எது கெட்டது, எது கெடவில்லை என்று உட்கருவால் நம்பிச் சொல்ல இயலாது. சேமித்த செய்திகள் பாழாவதைத் தடுக்க, விண்டோஸ் முழுக் கணினியையும் நிறுத்திவிடுகிறது. நீலத் திரை என்பது அதுவே.

இயக்கிகளை எழுதுவோர் உலகெங்கும் உள்ள பல நிறுவனத்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2001இல் லினக்ஸ் நிரல்களை ஆராய்ந்தபோது, இயக்கிகளில் பிழை விகிதம் உட்கருவின் ஏனைய பகுதிகளில் உள்ளதைப் போல் 3 முதல் 7 மடங்கு வரை இருக்கக் கண்டனர். மிகுந்த உரிமை பெற்ற இடத்தில் மிகுந்த பிழை இருப்பது கவலைக்குரியது.

பிழை மட்டுமன்று, வஞ்சனையும் நுழையக்கூடும். பொருள் தன்னைப் பற்றிச் சொல்வதை இயங்குதளம் அப்படியே நம்புகிறது. 2014 ஆகஸ்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்னும் இரு ஆய்வாளர்கள், பென் டிரைவின் உள்ளிருக்கும் நிலைபொருளை மாற்றி எழுதி, அது தன்னை “விசைப்பலகை” என்று கூறிக்கொள்ளுமாறு செய்து காட்டினர். கணினியும் நம்பி விசைப்பலகை இயக்கியை இணைத்தது. அதன்பின் அப்பென் டிரைவ், மனிதர் தட்டுவதைப் போலவே கட்டளைகளைத் தட்டத் தொடங்கியது. கீழே கிடந்த பென் டிரைவை எடுத்துப் பள்ளிக் கணினியில் செருகிப் பார்க்கும் பழக்கம் தீது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

இவற்றைத் தடுக்க மின்முத்திரை முறை வந்தது. விண்டோஸின் 64-பிட்டுப் பதிப்புகள் விஸ்டா காலம் முதல் முத்திரையில்லாத உட்கரு இயக்கிகளை ஏற்க மறுத்து வருகின்றன. லினக்ஸிலும் 2012 முதல் கூறுகளுக்கு முத்திரை இடும் வசதி உண்டு. முத்திரை, “இது இன்னாரிடமிருந்து வந்தது, இடையில் யாரும் மாற்றவில்லை” என்பதை உறுதிப்படுத்தும். உள்ளே பிழையில்லை என்பதை அது உறுதிப்படுத்தாது. இவ்வேறுபாடு பெரியது.

2024 ஜூலை 19

கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் கணினிகளைத் தீய நிரல்களிலிருந்து காக்கும் மென்பொருளை விற்று வருகிறது. காவல் செய்வோன் கள்வன் வருமுன் விழித்திருக்க வேண்டுமன்றோ? அதனால் அதன் காவல் நிரல் ஓர் இயக்கியாக அமைக்கப்பட்டு, கணினி எழும்போது முற்படவே உட்கருவில் ஏறிவிடும். அது எந்த அட்டையையும் இயக்குவதன்று. ஆயினும் இயக்கிக்குரிய இடமும் உரிமையும் அதற்கு உண்டு. அவ்வியக்கி முறைப்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றதே. ஆனால், புதிதாகத் தோன்றும் தீமைகளை விரைந்து அறிவிக்கும்பொருட்டு, அந்நிறுவனம் சிறு செய்திக் கோப்புகளை அவ்வப்போது நேரே அனுப்பி வந்தது. அக்கோப்புகள் அம்முத்திரைச் சோதனைக்கு உட்பட்டவை அல்ல.

அன்று, மலேசிய சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12 மணி 9 நிமிடத்துக்கு அத்தகைய கோப்பு ஒன்று அனுப்பப்பட்டது. அதிலிருந்த விதி 21ஆம் மதிப்பு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கக் கோரியது. இயக்கிக்குக் கொடுக்கப்பட்டவையோ 20 மதிப்புகளே. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிய இயக்கி, தனக்கு உரியதல்லாத நினைவிடத்தைப் படித்தது. உட்கரு உடனே கணினியை நிறுத்தியது.

பிழை உணரப்பட்டு, 78 நிமிடங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், அதற்குள் அதனைப் பெற்ற கணினிகளுக்கு அது பயன்படவில்லை. இவ்விடத்தில்தான் தானே ஏறுதல் என்பதன் மறுபக்கம் வெளிப்பட்டது. நின்ற கணினி மீண்டும் எழும். எழும்போதே இயக்கி தானே ஏறும். ஏறியதும் அதே கோப்பைப் படிக்கும். மீண்டும் கணினி நிற்கும். வலையிணைப்புப் பெற்றுத் திருத்திய கோப்பை வாங்கும் அளவுக்குப் பல கணினிகள் விழித்திருக்கவே இல்லை. நோயாளி மருந்துக் கடைக்கு நடந்து செல்லுமுன் வாயிலிலேயே விழுந்துவிடும் நிலை அது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி பாதிக்கப்பட்ட விண்டோஸ் கணினிகள் 85 லட்சம். உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. ஆனால் அவை விமான நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் அமைந்திருந்தமையால் விளைவு பெரிதாயிற்று. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் மட்டும் ஐந்து நாள்களில் ஏறத்தாழ 7,000 பயணங்களை நீக்க நேர்ந்தது. திருத்தும் வேலையோ கையால் செய்ய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று, இன்றியமையாத இயக்கிகளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு முறையில் அதனை எழுப்பி, அக்கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவெண்ணும் வேண்டும். அவ்வெண்கள் சேமித்து வைக்கப்பட்ட கணினியும் வீழ்ந்திருந்த இடங்களில் அல்லல் இரட்டித்தது. மீண்டும் பெட்டிக்குள் சாவியே!

தீர்வுகள்

இதற்கு மாற்று உண்டா? இயக்கிகளை உட்கருவுக்கு வெளியே நிறுத்துவது பழைய கருத்து. நெதர்லாந்தின் ஆண்ட்ரூ டேனன்பாம் 1992இல் லினஸ் டோர்வால்ட்ஸோடு நிகழ்த்திய சொற்போர் இதனை ஒட்டியதே. உட்கரு சிறிதாக இருத்தல் வேண்டும் என்பது டேனன்பாம் கட்சி. அது வேகத்தைக் குறைக்கும் என்பது எதிர்க்கட்சியின் கவலை. டேனன்பாம் குழுவினர் 2005இல் வெளியிட்ட மினிக்ஸ் 3 என்னும் இயங்குதளத்தில் இயக்கிகள் வெளிநிலையிலேயே ஓடும். ஓர் இயக்கி விழுந்தால் அதனை மட்டும் மீண்டும் எழுப்ப ஒரு காவல் நிரல் உண்டு. கணினி நிற்க வேண்டுவதில்லை.

2024 செப்டம்பரில் மைக்ரோசாப்ட், காவல் மென்பொருள் நிறுவனங்களை ஒன்றுகூட்டி, காவல் பணியில் கூடுமானவற்றை உட்கருவுக்கு வெளியே கொண்டுவருவது பற்றிக் கலந்து பேசியது. எழ இயலாத கணினியைத் தொலைவிலிருந்தே மீட்கும் ஏற்பாடு ஒன்றையும் அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. கிரவுட்ஸ்டிரைக்கும் தன் செய்திக் கோப்புகளை ஒரே நாளில் எல்லார்க்கும் அனுப்பாமல், முதலில் சிலர்க்கும் பின்னர்ப் பலர்க்கும் என்று படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது.

பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் கணினியைப் பேணுவோர்க்கு இவற்றிலிருந்து சில பாடங்கள் உண்டு. மீட்புத் திறவெண்ணைக் கணினிக்கு வெளியே, தாளில் எழுதிப் பூட்டி வைத்தல் வேண்டும். பாதுகாப்பு முறையில் கணினியை எழுப்பும் விதத்தை, இடர் வருமுன்னரே ஒருமுறையேனும் செய்து பழகுதல் வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வேளையில் புதுமாற்றம் செய்யாது, ஒன்றில் செய்து பார்த்து மற்றவற்றுக்குச் செல்லுதல் நலம்.

தானே நடக்கும் வேலை மனிதர்க்கு ஓய்வு தருகிறது. செருகிகளைக் கழற்றி மாட்டிய காலத்துக்கு மீண்டும் செல்ல யாரும் விரும்பார். ஆயினும், வாயிலில் நிற்பவன் பெயரைச் சொன்னதும் கதவைத் திறந்துவிடும் வீட்டில், கதவை மீண்டும் அடைக்கத் தெரிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டும். 2024 ஜூலையில் உலகின் 85 லட்சம் கணினிகள் காத்திருந்தது அத்தகைய ஒருவரின் வருகைக்காகவே.